ஒரு கல் உப்புக்காக மூன்று வருஷம்: டேபிள்டாப் கேமில் வணிகப் போர்

சேலத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடி ரூமில் 3 வருஷமாக ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு ஓடுகிறது. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி டைஸ் உருட்டி ஆடும் கேம் அது. கதை நடத்துவது நான், ஆடுவது 4 பேர். அரக்கனும் புதையலும் ஆறே மாதத்தில் அலுத்துப்போக, இரண்டு நாடுகளுக்கு நடுவே வணிகச் சண்டையை மூட்டிவிட்டேன்.

முதலில் நன்றாகச் சொதப்பினேன். 14 சரக்கு, 6 சந்தை, வாராவாரம் மாறும் விலை என்று எக்செல் போட்டு வைத்தேன். ஆட வருகிறவர்களில் ஒருவர் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் கணக்கு எழுதுகிறவர். "ஏங்ண்ணா, ஆறு நாளும் இதைத்தான் பார்க்கறேன், ஏழாவது நாளுமா?" என்றார். ஷீட்டை அன்றே மூடினேன். சரக்கு வாங்கி விற்பதே சுகம் என்பவர்களுக்கு 1977-ல் வந்த டிராவலர் என்ற இதே ரக கேம் இருக்கிறது, அதற்கென்றே அட்டவணைகளோடு. எங்கள் ஆட்கள் அந்த ரகம் இல்லை.

இப்போது சண்டை உப்புக்கு மட்டும்தான். மலையில் மிளகு உண்டு, உப்பு இல்லை. கீழ்நாட்டில் நேர்மாறு. மலை ராணி மிளகுக்குச் சுங்கம் ஏற்றினாள், கீழ்நாட்டு ராஜா உப்பு வண்டிகளை அடிவாரத்திலேயே மறித்தான். (ஆங்கிலேயருக்கு மிளகு விற்கக் கூடாது என்று திப்பு தடை போட்டதும், 1792 உடன்படிக்கையில் சேலம் கம்பெனி கைக்குப் போனதும் நம் ஊர்க் கதைதானே.) வரைபடத்துக்கும் மெனக்கெடவில்லை. ஏற்காடு ரோட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். எந்த வளைவில் மறித்தால் வண்டியைத் திருப்ப முடியாது என்பது பைக்கில் போய்வந்த எல்லோருக்கும் அத்துப்படி.

விலைவாசியை வாயால் சொல்வதையும் விட்டேன். சத்திரத்துக் கிழவி ஊற்றிய ரசத்தில் உப்பில்லை. கேட்டதும் மடியிலிருந்த துணி முடிச்சை அவிழ்த்து, இலைக்கு ஒரு கல் என்று எண்ணிப் போட்டாள். அதற்கப்புறம் இரண்டு வாரம் ஒருத்தரும் வாளைத் தொடவில்லை, கள்ளப்பாதை தேடித்தான் அலைந்தார்கள். அடிதடிக்கென்றே வருகிற ஒரு தம்பி மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தான்.

அவனுக்காகவே படையை இறக்கினேன். 60 சிப்பாய்க்கும் தனித்தனியாக டைஸ் உருட்டி, ராத்திரி பத்தரைக்கு இரண்டாவது சுற்றுதான் முடிந்திருந்தது. ஒருவர் குறட்டையே விட்டுவிட்டார். தப்பு என்னுடையதுதான். கூட்டமாக அடிப்பவர்களுக்கு, கதை நடத்துகிறவருக்கான 2014 கையேட்டிலேயே அட்டவணை இருக்கிறது: அடி விழ 20 முக டைஸில் 13 அல்லது 14 தேவை என்றால், மூன்று பேருக்கு ஓர் அடி என்று வைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். இப்போதெல்லாம் பெரிய போர் தூரத்துச் சத்தம்தான். இவர்களுக்கு ஒரே வேலை கொடுப்பேன்: விடியும்வரை ஒன்பதாவது வளைவைப் பிடித்து நில். தம்பிக்கு அது போதும்.

கதை இப்போது சமாதானப் பேச்சில் நிற்கிறது. ராணியின் தூதராகப் போயிருப்பவர் நம்ம மண்டிக்காரர். போன ஞாயிறு இரண்டு மணி நேரம் பேரம். துண்டுக்கடியில் விரல் பிடித்துத்தான் விலை பேசுவேன் என்று என் கையை விடவே இல்லை.