பட்டையா, எண்ணா: ஜி.பி.எஸ். திரையில் எதை நம்புவது?

விமான ஜி.பி.எஸ். கருவியில் செயற்கைக்கோள் பக்கத்தைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது உயரமான சிக்னல் பட்டைகள்தான். ஓரத்தில் இருக்கும் எண்களைப் பலர் படிப்பதே இல்லை. ஆனால் அப்ரோச்சை (தரையிறங்க ஓடுபாதையை நெருங்கும் கட்டம்) தொடரலாமா என்பதைச் சொல்வது எண்கள்தான்.

கார்மின் ஜி1000 என்ற காக்பிட் திரையில் வெற்றுப் பட்டை என்றால் செயற்கைக்கோள் கிடைத்துவிட்டது, அதன் பாதைத் தகவல் இன்னும் இறங்குகிறது. வெளிர்நீலம் என்றால் தகவல் வந்துவிட்டது, கணக்கில் இன்னும் சேரவில்லை. பச்சை என்றால் கணக்கில் இருக்கிறது. கட்டம் போட்ட பட்டை என்றால் பிழையென்று ரிசீவரே ஒதுக்கிவிட்டது. பாதைத் தகவல் 30 விநாடிக்கு ஒருமுறை திரும்ப வரும். பல நிமிடங்கள் ஆகியும் பட்டை வெற்றாகவே நின்றால் ஹேங்கர் கூரையோ கட்டிடமோ மறைக்கிறதா என்று பாருங்கள்.

பட்டையின் உயரம் சிக்னலின் வலுவை மட்டுமே காட்டும். ஏழு பட்டைகள் உயர்ந்து நின்றாலும், ஏழும் வானத்தின் ஒரே பக்கத்தில் இருந்தால் இருப்பிடம் தள்ளாடும். அதைக் காட்டிக்கொடுப்பது எச்.டி.ஓ.பி. என்ற எண்: அது சிறியதாக இருந்தால் செயற்கைக்கோள்கள் நன்றாகப் பரவியிருக்கின்றன. ஈ.பி.யூ. என்பது 95 சதவீத நம்பிக்கையோடு தரப்படும் இருப்பிடப் பிழையின் மதிப்பீடு. இரண்டுமே எந்தக் கோளும் தவறான தகவல் தரவில்லை என்று எடுத்துக்கொண்டு போடும் கணக்கு.

ஒரு கோள் தவறு செய்தாலும் விமானம் உள்ளே இருக்கும் என்று நம்பக்கூடிய வட்டத்தின் அளவுதான் எச்.பி.எல். பல திரைகளில் இந்த எண் தெரியாது. வரம்பைத் தாண்டும்போது 'எல்.ஓ.ஐ.' (நம்பகத்தன்மை இழப்பு) எச்சரிக்கை மட்டும் வரும். ரெய்ம் முறையில் (ரிசீவரே கோள்களை ஒப்பிட்டுப் பிழை பார்ப்பது) வரம்பு என்ரூட்டில், அதாவது வழிப் பயணத்தில், 2 கடல்மைல், டெர்மினலில், அதாவது விமான நிலையத்தைச் சுற்றிய பகுதியில், 1, அப்ரோச்சில் 0.3. இருப்பிடத்துக்கு 4 கோள் போதும். பிழையைக் கண்டுபிடிக்க 5, கண்டுபிடித்து ஒதுக்க 6 வேண்டும். பாரோ உயரம் (காற்றழுத்தத்தை வைத்து அளக்கும் உயரம்) ஒரு கோளின் இடத்தை நிரப்பும். எஸ்பாஸ் (செயற்கைக்கோள் வழியாகத் திருத்தம் அனுப்பும் சேவை) திருத்தம் கிடைத்தால் பட்டையில் 'டி' தெரியும், அந்தத் திருத்தத்தை வைத்துச் செய்யும் எல்.பி.வி. அப்ரோச்சில் கிடைமட்ட வரம்பு 40 மீட்டருக்குச் சுருங்கும்.

எண்களும் ஏமாறும் இடம் ஸ்பூஃபிங், அதாவது போலி ஜி.பி.எஸ். சிக்னல் அனுப்பி ஏமாற்றுவது. போலி சிக்னல்கள் ஒன்றோடொன்று பொருந்தினால் எச்.பி.எல். சிறியதாகவே இருக்கும். அப்போது பட்டைகள்தான் துப்பு கொடுக்கலாம்: ஒரே இடத்திலிருந்து வரும் சிக்னல் என்பதால் எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கக்கூடும். ஜாமிங்கில் (இரைச்சல் அனுப்பி சிக்னலை அமுக்குவது) எல்லாப் பட்டைகளும் சேர்ந்து சரியும். விமானம் சாய்ந்து இறக்கை மறைத்தால் ஒரு பக்கத்துக் கோள்கள் மட்டும் போகும். சந்தேகம் வந்தால் கருவியின் கடிகாரத்தையும், காற்றின் வேகம் திடீரென்று மாறியதா என்பதையும் பார்த்து, டி.எம்.இ., வி.ஓ.ஆர். என்ற தரைநிலைய ரேடியோ வழிகாட்டிகள் தரும் இருப்பிடத்தோடு ஒப்பிடுங்கள்.