செவர்லே 3100 கேபின்: அசலை அப்படியே விடலாமா, மாற்றலாமா?

1947 கோடையில் வந்து 1955 தொடக்கம் வரை ஓடிய செவர்லே 3100 பிக்கப்பைப் புதுப்பிக்க எடுப்பவர்கள் எஞ்சினுக்கும் பெயிண்டுக்கும்தான் முதலில் கணக்குப் போடுவார்கள். சண்டை வருவது கேபினுக்குள் கை வைக்கும்போது. கம்பெனியிலிருந்து வந்தபடியே கடைசி ஸ்க்ரூ வரைக்கும் இருக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. ஓட்டத்தானே வண்டி, உள்ளே கொஞ்சம் வசதி செய்துகொண்டால் என்ன என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டிலும் முழுசாகச் சேரவில்லை. எனக்கு ஒரே கேள்விதான்: நாளைக்கு மனசு மாறினால் கழற்றிவிட்டுப் பழையதை மாட்ட முடியுமா? முடியும் என்றால் தாராளமாக மாற்றலாம். தகட்டை அறுக்க வேண்டும் என்றால் நாலு தடவை யோசிக்க வேண்டும்.

பெரிய வாக்குவாதம் பெட்ரோல் டேங்கைப் பற்றியது. 1949-லிருந்து இந்த வண்டியில் டேங்க் கேபினுக்கு உள்ளேயே, சீட்டின் முதுகுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும். பெட்ரோல் ஊற்றும் வாய் மட்டும் பயணி பக்கக் கதவுக்குப் பின்னால் வெளியே எட்டிப் பார்க்கும். செவர்லே 1972 வரை இந்த வழக்கத்தை விடவில்லை. 1973-இல் டேங்கை வெளியே, சேஸிஸின் பக்கவாட்டில் கொண்டுபோய் மாட்டினார்கள். அது பிற்பாடு இதைவிடப் பெரிய சர்ச்சை ஆனது தனிக்கதை.

அசலை அப்படியே விடலாம் என்பவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. கேபினுக்குள் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று புலம்புகிறவர்களில் பலருக்கு டேங்கில் ஓட்டையே இருக்காது. ஊற்றும் குழாயைச் சுற்றியுள்ள ரப்பர் வெடித்திருக்கும், இணைப்பு ஹோஸ் உளுத்திருக்கும், அல்லது டேங்கின் தலையில் இருந்து பெட்ரோல் அளவை டாஷ்போர்டு முள்ளுக்குச் சொல்லும் மிதவை யூனிட்டின் கேஸ்கெட் காய்ந்து சுருங்கியிருக்கும். இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைச் சீக்கிரம் தின்றுவிடும். இந்த மூன்றையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் புதிதாகப் போட்டால் வாடை பெரும்பாலும் போய்விடும். செலவும் சொற்பம்.

ஆனால் வாடை போனாலும் டேங்க் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது. குடும்பத்தோடு ஓட்டப்போகிற வண்டி என்றால் என் ஓட்டு டேங்கை வெளியே எடுப்பதற்குத்தான். பின் அச்சுக்குப் பின்னால், சேஸிஸின் இரண்டு கட்டைகளுக்கும் நடுவே வைக்கிறார்கள். ஸ்டெப்னி தொங்கும் இடம் அது, ஆகவே அதற்கு வேறு இடம் தேட வேண்டும். இந்த வண்டியின் பின்தொட்டித் தளம் மரப்பலகை என்பதால், ஒரு பலகையில் சிறு மூடி வெட்டி அதன் வழியே பெட்ரோல் ஊற்றலாம். பிடிக்காவிட்டால் அந்தப் பலகையை மட்டும் மாற்றினால் போதும், தகட்டில் ஒரு கீறல்கூட விழாது. கேபின் பக்கத்து ஓட்டையைச் சிலர் வெல்டிங் வைத்து மூடிப் பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். எதற்கு? பழைய மூடியை அங்கேயே சும்மா மாட்டி வைத்தால் பார்வைக்கும் அழகு, பின்னால் வருபவருக்கும் வழி திறந்திருக்கும்.

இதில் பலர் வழுக்குவது பெட்ரோல் முள்ளில். அந்தக் காலத்து செவர்லே முள் 30 ஓம் மிதவைக்கு ஏற்றது (ஓம் என்பது மின்தடையின் அளவு; டேங்க் நிரம்பியிருக்கும்போது மிதவை காட்டுவது அது). 1965-க்குப் பிந்தைய ரக டேங்கை வாங்கிப் போட்டால் அதோடு 90 ஓம் மிதவை வரும். விளைவு, டேங்க் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கும் வரை முள் ஃபுல்லிலேயே நிற்கும். டேங்க் வாங்கும்போதே 30 ஓம் மிதவை கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது 6 வோல்ட்டா 12 வோல்ட்டா. செவர்லே பிக்கப்புக்கு 12 வோல்ட் வந்தது 1955-இன் புது மாடலோடுதான்; நம் வண்டி 6 வோல்ட். ஒரே 35 வாட் பல்புக்கு 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் போதும், 6 வோல்ட்டில் ஏறக்குறைய 6 வேண்டும். அதனால் ஒரே வயரில், விளக்குக்குப் போய்ச் சேராமல் வழியிலேயே வீணாகும் வோல்ட்டின் விகிதம் 6 வோல்ட்டில் நாலு மடங்கு. காலையில் செல்ஃப் எடுக்காமல் முனகுகிற 6 வோல்ட் வண்டியைப் பார்த்தால், யாரோ 12 வோல்ட் காரின் ஒல்லி பேட்டரி கேபிளை அதில் மாட்டியிருப்பார்கள். தடித்த கேபிள் போட்டு, எர்த் இணைப்புகளைத் தகடு பளபளக்கும் வரை தேய்த்து இறுக்கினால் 6 வோல்ட்டும் ஒழுங்காக எடுக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுகிற, ஏசியோ நவீன ரேடியோவோ வேண்டாத ஆளுக்கு அது போதும்.

ஏசி வேண்டும், இரவில் நல்ல வெளிச்சம் வேண்டும் என்றால் 12-க்குப் போய்விடலாம். ஆல்டர்னேட்டர், பேட்டரி, காயில், பல்புகள் எல்லாம் மாறும். டாஷ்போர்டில் ஆயில் பிரஷர் மீட்டரும் வெப்ப மீட்டரும் மின்சாரமே இல்லாமல் குழாயில் ஓடுபவை, அவற்றைத் தொட வேண்டாம். பெட்ரோல் முள்ளுக்கும் ஹீட்டர் விசிறிக்கும் மட்டும் வோல்ட்டைக் குறைக்கும் துணைக்கருவி வேண்டும். ஆரம்ப வருட வண்டிகளில் காலால் மிதித்துச் செல்ஃப் அடிக்கும் பெடல் இருக்கும். அதை எடுத்துவிட்டுப் பட்டன் வைப்பது வீண்வேலை. பெடல் 12 வோல்ட்டிலும் அப்படியே வேலை செய்யும்.

வைப்பர் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. அசல் வைப்பர் எஞ்சின் உறிஞ்சும் காற்றில் ஓடுவது. மழையில் மேடு ஏற ஆக்சிலரேட்டரை அழுத்தினால் உறிஞ்சல் குறைந்து வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிடும்; காலை எடுத்தால் படபடவென்று அடிக்கும். லாரியை முந்துகிற நேரத்தில் கண் தெரியாமல் போவதை ‘அசல் குணம்’ என்று ரசிக்க என்னால் முடியாது. எலக்ட்ரிக் மோட்டார் டாஷ்போர்டுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும், பழையதை டப்பாவில் போட்டு வைக்கலாம்.

சீட்டில் நேர்மாறு. கார்களிலிருந்து கழற்றிய தனித்தனி பக்கெட் சீட்டுகளை இதில் போடுவது இப்போது ஒரு மோகம். அவை தாழ்வானவை, உயரத்தை ஈடுகட்டத் தரையில் புதுச் சட்டம் வெல்டிங் வைக்க வேண்டும். அசல் நீளச் சீட்டின் ஸ்பிரிங்கைச் சரிபார்த்து, கெட்டியான நுரையும் ரெக்ஸினும் போட்டால் மூன்று பேர் உட்காரலாம். 1948-லிருந்து மூன்று கியர் வண்டிகளில் கியர்த்தண்டு ஸ்டீயரிங் அடியில் இருப்பதால் நடு ஆளின் முட்டியும் இடிக்காது.

துளை போடுவதற்கு எதிராக இவ்வளவு பேசினாலும், பெல்ட்டுக்கு மட்டும் போடத்தான் வேண்டும். எதிரே இருப்பது முழு இரும்பு டாஷ்போர்டு. இடுப்பு பெல்ட் என்றால் தரைக்கு அடியில் அகலமான தகட்டு வாஷர் வைத்து போல்ட் முடுக்க வேண்டும், வெறும் போல்ட் தரைத்தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். தோள் பெல்ட் என்றால் கதவுக்குப் பின்னால் உள்ள தூணின் உட்புறம் கெட்டித் தகடு வெல்டிங் வைக்காமல் போடாதீர்கள்.

தரைக்குக் கார்பெட்டா ரப்பர் மேட்டா? ரப்பர் மேட். கண்ணாடிக்கு முன்னால் உள்ள காற்று மூடியின் ரப்பர் ஒருநாள் ஒழுகும், கார்பெட் அந்தத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு தரைத்தகட்டைத் துருவாக்கும். மேட்டைத் தூக்கினால் ஈரம் கண்ணில் படும். அப்புறம் ஸ்டீயரிங்: பவர் ஸ்டீயரிங் இல்லாமல் சின்ன வளையம் மாட்டியவர்கள் ஒரு தடவை வண்டியைப் பார்க்கிங்கில் திருப்பிப் பார்த்த பிறகு பழைய பெரிய வளையத்தைத் தேடிக்கொண்டு வருவார்கள். அதுவரை அதை விற்காமல் வைத்திருந்தால் நல்லது.