கார்பன் கிட்டாரா, மரக் கிட்டாரா: வறட்சியிலும் வெயிலிலும் உப்புக்காற்றிலும் எது தாங்கும்?

மரக் கிட்டாரின் முதல் எதிரி காற்றின் ஈரப்பதத்தில் வரும் ஏற்ற இறக்கம். வெயிலும் குளிரும் அதற்கு அடுத்துத்தான். கிட்டார் செய்பவர்கள் பட்டறையை 45 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்துக்கொண்டுதான் பலகைகளை ஒட்டுகிறார்கள். அந்த நிலையை ஒட்டி இருக்கும்வரை மரம் பல தலைமுறை தாங்கும். கார்பன் ஃபைபர் கிட்டாருக்கு இந்தக் கணக்கே கிடையாது. அதனால் எதையும் தாங்கும் என்று சொல்லி அதை விற்கிறார்கள். உடலைப் பொறுத்தவரை அது பெருமளவு உண்மைதான். ஆனால் தந்தியும், தந்தியை முறுக்கும் ட்யூனரும், ஒலியை மின்குறிப்பாக்கும் பிக்கப்பும் கார்பன் அல்லவே. தொல்லை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மரம் எங்கே தோற்கிறது

சிட்கா ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தின் மேற்பலகை நாரின் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. விரிவதும் சுருங்குவதும் குறுக்குவாக்கில்தான். ஆரவாக்கில் அறுத்த பலகையில் மரத்தின் உள்ளீரம் 1 சதவீதம் குறைந்தால் அகலம் சுமார் 0.15 சதவீதம் குறையும். 50 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் உள்ளீரம் ஏறக்குறைய 9 சதவீதம். 25 சதவீதக் காற்றில் அது 5க்கு வந்துவிடும். கீழ்ப்பகுதி 400 மி.மீ. அகலமுள்ள கிட்டார் என்றால் பலகை 2.5 மி.மீ. வரை சுருங்கப் பார்க்கிறது. அதன் அடியில் பிரேஸ்கள் என்னும் தாங்கு கட்டைகள் நாருக்குக் குறுக்கே ஒட்டியிருக்கின்றன. ஓரம் முழுவதையும் பக்கப்பலகை பிடித்திருக்கிறது. சுருங்க வழியில்லாத பலகை நார்வாக்கில் பிளக்கிறது, பெரும்பாலும் தந்திகளை உடலோடு பிணைக்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் அல்லது விரல் அழுத்தும் பலகையான ஃப்ரெட்போர்டின் ஓரத்தை ஒட்டி.

குளிர்நாட்டு வீடுகளில் இது சீக்கிரமே நடக்கும். வெளியே மைனஸ் 10 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் காற்றை உள்ளே இழுத்து 21 டிகிரிக்குச் சூடாக்கினால், வேறு ஈரம் சேராதபட்சத்தில் அதன் ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் கீழே போகும்.

பிளவுக்கு முன்பே அறிகுறிகள் தெரியும். ஃப்ரெட்போர்டு சுருங்குவதால் அதில் பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளின் முனைகள் வெளியே நீட்டிக் கையில் உரசும். மேற்பலகையின் இயல்பான மெல்லிய குவிவு மறைந்து பள்ளமாகும். 12ஆம் ஃப்ரெட்டில் 2.4 மி.மீ. உயரத்தில் இருந்த ஆறாம் தந்தி 2க்குக் கீழே இறங்கிக் கரகரக்கும். இந்த நேரத்தில் உயரமான சேடிலை (பிரிட்ஜின் மேல் தந்தி அமரும் பட்டை) போடுவது தவறான சிகிச்சை. ஈரம் திரும்பியதும் தந்தியின் உயரம், அதாவது ஆக்‌ஷன் தானாக ஏறும். அப்போது உயர்த்திய சேடிலோடு வாசிக்கவே முடியாது. முதலில் பெட்டிக்குள் ஈரத்தைச் சரிசெய்யுங்கள். ஒரு வாரம் விட்டு அளந்து பாருங்கள்.

65 சதவீதத்துக்கு மேலே கதை திரும்புகிறது. பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை வயிறு தள்ளும், தந்தி உயரும், ஒலி மந்தமாகும். ஈரம் குறைந்தால் இதில் பெரும்பகுதி பழைய நிலைக்கு வந்துவிடும். வறட்சியில் வந்த பிளவு அப்படித் தானாக ஒட்டிக்கொள்ளாது. இரண்டில் ஒன்றைத்தான் தடுக்க முடியும் என்றால் வறட்சியைத் தடுங்கள்.

வெப்பம் பசையைத் தாக்கும். மர வேலைக்கான மஞ்சள் பசை 65 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது இளகத் தொடங்கும். வெயிலில் நின்ற மூடிய காருக்குள் இந்த வெப்பம் சாதாரணம். 12–53 அளவுத் தந்தித் தொகுதி (முதல் தந்தி 0.012, ஆறாம் தந்தி 0.053 அங்குலத் தடிமன்) மொத்தம் 70 கிலோவுக்கு மேல் இழுக்கிறது. இளகிய பசையின் மேல் பிரிட்ஜ் மெல்ல முன்னால் சாயும். பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு மெல்லிய தாளைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் தந்தியைத் தளர்த்திவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டிய நேரம் அது.

கார்பன் உடல் அசையாது, சுருதி அசையும்

எபாக்சி என்னும் பிசினில் தோய்ந்து இறுகிய கார்பன் இழை, மரம்போல நீரை உறிஞ்சி உப்புவதில்லை. வெப்பத்தில் விரிவதும் நார்வாக்கில் பூஜ்யத்தை ஒட்டியதுதான். காலையில் பாலைவனம், மாலையில் மழை என்றாலும் ஆக்‌ஷன் அப்படியே இருக்கும். படகிலும் கூடாரத்திலும் வாழும் கிட்டாருக்கு இதற்கு இணையான வேறு பொருள் இல்லை.

ஆனால் சுருதி விலகாது என்று எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். எஃகுத் தந்தி ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் சுமார் 12 மைக்ரான் விரியும், அதைத் தாங்கும் கழுத்தோ விரியாது. கணக்குப் போட்டால், 10 டிகிரி சூடேறும்போது மெல்லிய முதல் தந்தி சுமார் 15 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு) இறங்கும். சுருள் சுற்றிய ஆறாம் தந்தியில் இறக்கம் ஏறக்குறைய இரு மடங்கு. அதன் உள்கம்பி குறைவாகவே இழுபட்டு நிற்பதால் சிறு விரிவும் பெரிதாகக் கேட்கும். மரக் கழுத்து தானும் சற்று விரிவதால் இதில் ஒரு பங்கை ஈடுகட்டிவிடும். எனவே வெயிலில் வாசிப்பதற்கு முன் கிட்டாரைப் பத்து நிமிடம் அந்த வெப்பத்திலேயே வைத்துவிட்டு அப்புறம் சுருதி சேருங்கள்.

கறுப்பு உடல் நேர் வெயிலில் காற்றைவிட வெகுவாகச் சூடாகும். அறை வெப்பத்தில் மட்டும் இறுகிய எபாக்சி 60, 70 டிகிரியிலேயே இளகத் தொடங்கலாம். உலையில் வைத்து இறுக்கியது 120ஐத் தாண்டியும் நிற்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே எத்தனை டிகிரி வரை உத்தரவாதம் என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்பது வீண் சந்தேகம் அல்ல. தந்தி இழுக்கும்போது இளகிய கழுத்து வளைந்தபடியே நின்றுவிடும்.

கடலோரத்தில் இன்னொரு விஷயம். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். உப்புநீர் படும் இடத்தில் அலுமினியத்தையோ துத்தநாகப் பூச்சுத் திருகையோ அது தொட்டால், உலோகம் வழக்கத்தைவிட வேகமாக அரிக்கும். ட்யூனர் திருகுகளும் ஸ்ட்ராப் பொத்தானும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். ஃப்ரெட்டுகளும் அப்படியே இருந்தால் நல்லது. உப்புத் திவலை பட்ட நாளில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். கேபிள் செருகும் ஜாக் துளைக்குள்ளும் பேட்டரிப் பெட்டிக்குள்ளும் ஈரம் தங்குகிறதா என்று பார்ப்பது உடலைத் துடைப்பதைவிட முக்கியம். ஈரமான கிட்டாரை வெல்வெட் பெட்டிக்குள் மூடினால் கார்பனுக்கு ஒன்றும் ஆகாது, பெட்டிக்குப் பூஞ்சை பிடிக்கும்.

ஒலி

ஒரு பலகை எவ்வளவு திறமையாக ஒலியை வெளிவிடும் என்பதை அதன் விறைப்பையும் அடர்த்தியையும் சேர்த்துக் கணக்கிடலாம். மதிப்பு கூடினால் ஒலி கூடும். நல்ல ஸ்ப்ரூஸுக்கு அது சுமார் 12. இழைகள் ஒரே திசையில் உள்ள கார்பனுக்கு 6க்குக் கீழே. கார்பன் பன்மடங்கு விறைப்பானது, ஆனால் ஸ்ப்ரூஸைப்போல மூன்றரை மடங்குக்கு மேல் கனமானது. அதனால்தான் கார்பன் மேற்பலகையை மிக மெல்லியதாகவோ, நடுவே இலகுவான பொருளை வைத்தோ செய்கிறார்கள். நன்றாகச் செய்த கார்பன் கிட்டார் தெளிவாகவும் நீண்டும் ஒலிக்கும். மரத்தின் உள்தணிப்பு தரும் வெதுவெதுப்பு அதில் குறைவு. மூடிய அறையில் தனித்து வாசிப்பவருக்கு அந்த வேறுபாடு பெரிது. கூட்டத்தில், திறந்தவெளியில், பிக்கப் வழியாக என்றால் வெகுவாகக் குறைந்துவிடும்.

நடுவழிகள்

ஒட்டுப்பலகைக் கிட்டார்களில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் பிளவு அரிது. மார்ட்டின் எக்ஸ் வரிசையில் வருவதுபோன்ற ஹெச்பிஎல் (தாள் அடுக்குகளைப் பிசினோடு உயர் அழுத்தத்தில் இறுக்கிய பலகை) உடல்கள் இன்னும் உறுதியானவை. ஆனால் அவற்றின் பிரேஸ், கழுத்து, பசை எல்லாம் மரக் கிட்டாரின் விதிக்கே கட்டுப்பட்டவை. கார்பன் உடலும் மரக் கழுத்தும் சேர்ந்த கலப்பு வகையை வாங்குவோர், நிலைமாற்றத்தை முதலில் உணர்வது கழுத்துதான் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

திட மரத்தையே வைத்துக்கொள்வதென்றால், வாசிக்காத நேரமெல்லாம் அது மூடிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். உடன் ஈரத்தை விடவும் உறிஞ்சவும் செய்து 49 சதவீதத்தில் நிறுத்தும் இருவழி ஈரப் பொட்டலங்கள்: ஒலித்துளைக்குள் இரண்டு, தலைப்பகுதியில் ஒன்று. சிலிக்கா ஜெல் உறிஞ்சுமே தவிர எந்த அளவில் நிற்க வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. ஈரப்பதமானியை நம்புவதற்கு முன் சோதியுங்கள். பாட்டில் மூடியில் உப்பை வைத்து ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டு நீர் விட்டு, மானியோடு காற்றுப் புகாத டப்பாவில் 12 மணி நேரம் மூடிவையுங்கள். 75 காட்ட வேண்டும். எவ்வளவு விலகுகிறதோ அதுவே அதன் பிழை.

எல்லை தாண்டிப் பயணிப்போருக்கு ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது; அந்த மரத்தில் செய்த கிட்டாரை ஆவணமில்லாமல் கொண்டுபோனால் பறிமுதல் ஆகலாம். கார்பனுக்கு இந்தக் கவலையே இல்லை.

உடைந்தால்

மரப் பிளவை ஈரமூட்டி மூடி, பசை வைத்து, உள்ளே சிறு மரத்துண்டுகளால் தைத்ததுபோல் பிடித்துவிடலாம். பெட்டி விழுந்து தலைப்பகுதி ஒடிந்தாலும் தேர்ந்த கைகள் ஒட்டிவிடும். கார்பன் கழுத்து அந்த இடத்தில் எளிதில் ஒடியாது. ஆனால் பலத்த அடியில் அடுக்குகள் உள்ளுக்குள் பிரியலாம், மேலே ஒரு கீறல்கூடத் தெரியாமல். நாணயத்தின் விளிம்பால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். சுற்றியுள்ள இடம் கணீரென்று ஒலிக்க ஓர் இடம் மட்டும் மந்தமாக ஒலித்தால் பிரிவு அங்கே இருக்கக்கூடும். உட்புறத் தாங்கல்களுக்கு மேலேயும் ஒலி மாறும் என்பதால் மறுபக்கத்தின் அதே இடத்தோடு ஒப்பிடுங்கள். இதைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் மரவேலைக்காரர்களைவிட மிகக் குறைவு. தேய்த்து அறுக்கும்போது பறக்கும் கார்பன் தூசுக்கு முகமூடி கட்டாயம்.

பல கார்பன் கிட்டார்களில் டிரஸ் ராட் (கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் கம்பி) கிடையாது. கழுத்தும் உடலும் ஒரே வார்ப்பு என்றால் கழுத்துக் கோணத்தையும் மாற்ற முடியாது. பழையதை வாங்கும்போது முதல் ஃப்ரெட்டிலும் உடலோடு சேரும் ஃப்ரெட்டிலும் ஆறாம் தந்தியை அழுத்திப் பிடித்து, ஏழாம் ஃப்ரெட்டின் மேல் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.1 முதல் 0.25 மி.மீ. வரை சரி. 0.5 இருந்து, டிரஸ் ராடும் இல்லையென்றால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.