டபிள்யூ அண்ட் ஓடி தடம்: மேற்கே போகப் போகத்தான் சுகம்

அமெரிக்காவின் வட வர்ஜீனியாவில் ஷெர்லிங்டனில் தொடங்கிப் பர்செல்வில் வரை செல்லும் வாஷிங்டன் அண்ட் ஓல்ட் டொமினியன் (சுருக்கமாக டபிள்யூ அண்ட் ஓடி) தடம், 45 மைல், அதாவது சுமார் 72 கிலோமீட்டர் நீளமுள்ள தார்ப்பாதை. இதில் கார்களுக்கு இடமில்லை, கட்டணமும் கிடையாது. 1859-இல் ஓடத் தொடங்கி 1968-இல் நின்றுபோன ரயில் பாதையின் மீதே இதை அமைத்திருக்கிறார்கள். செங்குத்தான மேட்டில் ரயில் ஏறாது என்பதற்காக அன்றைக்கே மேடுபள்ளங்களைச் சீராக்கி வைத்த புண்ணியத்தில், நெடுநாள் சைக்கிளைத் தொடாதவர்கூடப் பெரும்பகுதியைச் சிரமமின்றி ஓட்டிவிடலாம்.

ஆனால் இந்தச் சுலபமே கூட்டத்தையும் சேர்த்துவிடுகிறது. விடுமுறை நாள் காலையில், வழியிலுள்ள வியன்னா என்ற ஊருக்குக் கிழக்கே சென்றால், குழந்தை வண்டி தள்ளுவோர், நீண்ட வாரில் நாயை விட்டு நடப்போர், பந்தயத்துக்குப் பழகுவோர் என அனைவரும் ஒரே பாதையில் முட்டிக்கொள்கிறார்கள். முந்துவதற்கு முன் ‘ஆன் யுவர் லெஃப்ட்’ (உங்கள் இடப்பக்கமாக வருகிறேன்) என்று குரல் கொடுப்பது இங்கே வழக்கம். காதில் இயர்போன் மாட்டியிருப்பவருக்கு அது எட்டுவதில்லை, திடுக்கிட்டவரோ இடப்பக்கமே நகர்ந்து வழியில் நிற்கிறார். கணீரென்று ஒலிக்கும் மணியும், வேகத்தைக் குறைக்கும் மனமும் இருந்தால்தான் இந்தப் பகுதி சரிப்படும். ஃபால்ஸ் சர்ச் நகரில் 2021-இல் சைக்கிளுக்கு 11 அடி, நடப்பவர்களுக்கு 8 அடி எனப் பாதையைப் பிரித்த பிறகு அங்கே நிம்மதியாக இருக்கிறது. அந்த ஏற்பாடு 1.2 மைலோடு முடிந்துபோவதுதான் குறை.

வேறு இரண்டு குறைகளும் உண்டு. ஊர்ப்பகுதிகளில் அடிக்கடி சாலைகள் குறுக்கிடுவதால், ஓட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் காலை ஊன்ற வேண்டியிருக்கிறது. தடத்தை ஒட்டியே உயர் அழுத்த மின்கம்பிகள் செல்வதால், பல இடங்களில் உயரமான மரங்களை வளரவிடுவதில்லை. கோடை நண்பகலில் நிழல் தேடி அலைய நேரும்.

என் வாக்கு லீஸ்பர்க்கிலிருந்து பர்செல்வில் வரையிலான கடைசிப் பகுதிக்கே. லீஸ்பர்க்கைத் தாண்டியதும் கிளார்க்ஸ் கேப் என்னும் கணவாய் வரை விடாத ஏற்றம். கண்ணுக்குச் சமதளமாகத் தெரிந்தாலும் தொடை உண்மையைச் சொல்லிவிடும். உச்சியை நெருங்கும்போது, அந்நாளில் ரயில் நுழைந்து சென்ற கல் வளைவுப் பாலத்தின் அடியில் நாமும் நுழைகிறோம். அதற்கு அப்பால் நெரிசல் குறைந்து, வயல்களும் வேலிகளும் தென்படத் தொடங்குகின்றன. குதிரை ஓட்டிகளுக்கென வியன்னாவிலிருந்தே கூட வரும் சரளைப் பாதை இங்கும் தொடர்கிறது. பட்டையான டயர் உள்ளவர்கள் அதில் இறங்கியும் ஓட்டலாம்.

காரில்லாதவர்கள் ஈஸ்ட் ஃபால்ஸ் சர்ச் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் தடம் பக்கத்திலேயே இருக்கிறது. மெட்ரோவில் எந்நேரமும் சைக்கிளை ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் மெட்ரோ பர்செல்வில் வரை செல்வதில்லை. ஆகவே முழுத் தூரத்தையும் ஒரே நாளில் முடிக்க நினைப்பவர்கள், திரும்பி வரும் 45 மைலையும் கணக்கில் வைத்துக்கொண்டே புறப்பட வேண்டும்.