மலிவு ஈயம் என்று ஆன்லைனில் வாங்கி ₹7,000 போச்சு: குண்டு வார்ப்பவர்கள் கவனம்

வீச்சுவலைக்கும் தூண்டிலுக்கும் சொந்தமாக ஈயக்குண்டு வார்க்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள். 50 கிலோவுக்கு 7,000 ரூபாய் கொடுத்து, குண்டு வார்க்கவே ஆகாத சரக்கை வாங்கிக் கொட்டகையில் அடுக்கி வைத்திருக்கிறேன். லாரி வாடகை தனி. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, வார்த்தை தடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் நாகப்பட்டினம் பக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கிற அந்த 61 நாளில்தான் வலை வேலை மும்முரமாக நடக்கும், குண்டுக்கும் கிராக்கி. உள்ளூரில் ஈயம் கிலோ 200-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. முன்பு டயர் கடையில் கழற்றிப் போட்ட ஈய வீல் வெயிட்டை (சக்கரம் ஆடாமல் ஓட விளிம்பில் மாட்டுகிற எடைத்துண்டு) டப்பாவோடு அள்ளிக்கொண்டு வரலாம். இப்போது அதில் துத்தநாகமும் இரும்பும்தான் நிறைய. அப்போதுதான் பழைய உலோகம் வாங்கி விற்கும் ஒரு இணையதளத்தில் “சுத்தமான ஈயப் பாளம், கிலோ 140” என்று பார்த்தேன்.

போன் போட்டால் அவ்வளவு மரியாதை. வீடியோ காலில் வந்தான். ஒரு பாளத்தை எடுத்துக் கத்தியால் சீவினான், சீவல் சுருண்டு விழுந்தது, வெட்டின இடம் பளபளத்தது. தூக்கித் தரையில் போட்டான். ‘தொப்’பென்று விழுந்தது, கணீரென்று சத்தமே இல்லை. ஈயத்தோடு பழகினவனுக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? “அண்ணே, எங்க அம்மா ஊரும் கடற்கரைதான். வலைக்காரங்க வயித்துல அடிப்போமா?” என்றான். அந்தப் பேச்சுக்குத்தான் முழுப் பணத்தையும் யுபிஐயில் அனுப்பினேன். ஏழாயிரம்.

பார்சல் ஆபீசில் எடை சரியாக இருந்தது. மேல் வரிசைப் பாளங்கள் அருமையான ஈயம். அதற்குக் கீழே இருந்ததைச் சட்டியில் போட்டு அடுப்பை ஏற்றினால், உருகின ஈயத்தின் மேல் சாம்பல் நிறத்தில் கூழ் மாதிரி திரண்டு மிதக்கிறது. வழிக்க வழிக்க வருகிறது. அச்சில் ஊற்றினால் ஓரம் நிரம்பவில்லை, முகமெல்லாம் சொரசொரப்பு. நல்ல குண்டைக் கயிற்றில் வைத்துக் குறட்டால் அமுக்கினால் மடங்கிப் பிடித்துக்கொள்ளும். இது பிளந்துவிட்டது.

மிச்சப் பாளங்களைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றின் முதுகில் பாதி புதைந்த ஒரு வீல் வெயிட் துண்டு, அதில் ஆங்கிலத்தில் ‘இசட் என்’ என்று அச்சு. துத்தநாகம்! ஈயம் 327 டிகிரியில் உருகும், துத்தநாகத்துக்கு 419 டிகிரி வேண்டும். தரம் பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே கொப்பரையில் கொட்டியிருக்கிறான். கொஞ்சம் துத்தநாகம் கரைந்தாலே அந்த ஈயம் வார்ப்புக்கு உதவாது. பெரிய ஆலைக்காரன் சோதித்துப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவான். நம்மைப் போலச் சில்லறையாக வாங்குகிறவன் தலையில்தான் கட்ட முடியும்.

கேட்டதற்கு வந்த பதில்களைக் கேளுங்கள். முதலில், “உங்க அடுப்புல சூடு பத்தல அண்ணே.” போட்டோ அனுப்பினதும், “சூட்டை அதிகமா ஏத்திட்டீங்க.” இரண்டையும் சொன்னது ஒரே ஆள்தான்! அப்புறம் லேப் ரிப்போர்ட் கேட்டான். அப்புறம் முதலாளி வெளியூர். அப்புறம் வாட்ஸ்அப்பில் படமும் இல்லை, ஒற்றை டிக்கோடு நிற்கிறது. இணையதளத்துக்காரர்களிடம் போனால், “வாங்குபவரையும் விற்பவரையும் இணைப்பது மட்டுமே எங்கள் பணி” என்று அச்சடித்த பதில். விளம்பரத்துக்குக் காசு வாங்கும்போது இந்தப் பணிவு எங்கே போனது? அவன் விளம்பரத்தை இன்னும் எடுக்கவில்லை. கிலோ 135 என்று குறைத்து வேறு போட்டிருக்கிறான். என் 7,000-க்கு மட்டும் பதில் சொல்ல ஆளில்லை.

ஈயம் எங்கே வாங்கலாம், எப்படிச் சோதிக்கலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். வீடியோவில் காட்டும் பாளம் வேறு, மூட்டையில் வரும் பாளம் வேறு. நேரில் போய், அடியிலிருந்து நீங்களே ஒன்றை உருவி, நடுவில் வெட்டிப் பாருங்கள். உருக்கின பாளத்தைவிட உருக்காத வீல் வெயிட்டே மேல், ஒவ்வொன்றாகப் பொறுக்கலாம். சந்தேகம் இருந்தால் பாத்ரூம் ஆசிட் ஒரு சொட்டு விடுங்கள், துத்தநாகம் என்றால் நுரைத்துப் பொங்கும். ஏமாந்து பணம் போய்விட்டால் அன்றைக்கே சைபர் குற்றப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள், பொருள் சரியில்லை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. நான் இரண்டிலும் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று. விலைக்குப் பயந்து பழைய கார் பேட்டரியை வீட்டில் உடைத்துத் தகடு எடுக்கலாம் என்று ஒருத்தர் யோசனை சொன்னார். தயவுசெய்து வேண்டாம். ஆசிட் ஒருபக்கம், அந்த ஈயத்தூள் பிள்ளைகள் உடம்பில் ஏறினால் மூளையைப் பாதிக்கும். நல்ல ஈயத்தையே வெட்டவெளியில் வைத்துத்தான் உருக்க வேண்டும்.