கிணத்துத் தண்ணிக்கு என்சைம் ஸ்ட்ரிப், வாங்கலாமா?

கிணத்துத் தண்ணில பூச்சிமருந்து இருக்கான்னு பாக்குற கிட் இது. வீட்டுல சுகர் பாக்குற மெஷின் மாதிரியேதான், சின்ன மீட்டர், கூட ஸ்ட்ரிப். ஸ்ட்ரிப்ல அசிட்டைல்கோலினெஸ்டரேஸ்னு ஒரு என்சைம் இருக்கு, மோனோகுரோட்டோபாஸ் மாதிரி பூச்சிமருந்து தண்ணில இருந்தா அது என்சைமை முடக்கிடும், என்சைம் வேலை செய்றப்ப ஸ்ட்ரிப்ல வர்ற கரண்ட் குறையும், அதை வச்சுத்தான் சொல்லுது. லேபுக்கு பாட்டில் தூக்கிட்டு அலையாம வீட்டுலயே பாத்துக்கலாம், அதுக்கே ஒரு சபாஷ். ஆனா எந்த மருந்துன்னு சொல்லாது, பாதரசம் மாதிரி உலோகம் இருந்தாலும் கரண்ட் இறங்கும். குளோர்பைரிபாஸ்னு இன்னொரு பூச்சிமருந்து, அது ஆக்சான்ங்கிற வேற வடிவமா மாறினாத்தான் நல்லா பிடிக்கும், அப்படியே இருந்தா லேசாத்தான் காட்டும், இதை டப்பால போடவே இல்ல, கடுப்பாயிடுச்சு. ஸ்ட்ரிப்பை ஃப்ரிட்ஜ்லதான் வைக்கணும், வெயில்ல விட்டா என்சைம் காலி. நைட்ரேட்டு, கிருமியெல்லாம் இதுல தெரியாது, அதுக்கு லேப்தான். 5க்கு 3 ஸ்டார்.