கடைவீதியில் வாங்கிய 12 அங்குல உலக உருண்டை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எனக்குக் கொலுசுப் பட்டறை. மகள் சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறாள். அவள் வந்துபோகும் தூரத்தைக் கையால் அளந்து பார்க்க ஆசைப்பட்டு, கடைவீதியில் ஒரு புத்தகக் கடையில் 12 அங்குல உலக உருண்டை வாங்கினேன். விலை 1,400 ரூபாய். கொடுத்த பணத்துக்கு நிறைவான பொருள்.

உருண்டையின் சுற்றளவு சுமார் 96 செ.மீ. பூமியின் சுற்றளவு 40,075 கி.மீ. ஆக, ஒரு செ.மீ. என்பது ஏறக்குறைய 418 கி.மீ. தையல் நூலின் ஒரு முனையைப் பெங்களூரிலும் மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோவிலும் பிடித்து இறுக்கினால், மிகக் குறுகிய வழி எதுவோ அதில் நூல் தானாகவே போய்ப் படிகிறது. அந்த வழியைப் பார்த்து அசந்துபோனேன். சுவரில் மாட்டும் வரைபடத்தில் அமெரிக்கா கிழக்கிலோ மேற்கிலோதான் தெரியும். நூலோ நேராக வடக்கே ஏறுகிறது: நேபாளம், மங்கோலியாவின் மேற்கு ஓரம், சைபீரியா, ஆர்க்டிக் கடலோரம், அலாஸ்கா, அப்புறம்தான் கலிபோர்னியா. நூலின் நீளம் 33.5 செ.மீ., அதாவது சுமார் 14,000 கி.மீ. இந்த இரு ஊர்களுக்கு இடையிலான வான்வழித் தூரமும் அதுதான்.

மணிக்கு 900 கி.மீ. வேகம் என்று வகுத்தால் பதினைந்தரை மணி நேரம் வருகிறது. ஆனால் உருண்டையில் காற்று இல்லை. பத்து கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக ஓடும் காற்று, கூடவே போகும் விமானத்தைத் தள்ளிவிடும், எதிரே வருவதைத் தாமதப்படுத்தும். அதனால் விமானிகள் நூல் காட்டும் வழியை விட்டு விலகியும் பறக்கிறார்கள். 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியாவின் முதல் நேரடி விமானம் வட துருவத்தின் மேலாகவே வந்தது. கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் விமானிகள் அனைவரும் பெண்கள். அந்தச் செய்தியை மகளுக்கு அனுப்பிவைத்தபோது எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

சேலம் இந்த உருண்டையில் அச்சாகவில்லை. இங்கிருந்து பெங்களூர் அரை செ.மீ.கூட இல்லை. அந்த அரை செ.மீ.க்குப் பஸ்ஸில் நான்கு மணி நேரம் ஆகிறது!

குறைகளும் உண்டு. பற்றவைப்பு பார்த்துப் பழகிய கண்ணுக்கு நிலநடுக்கோட்டில் உள்ள ஒட்டு உடனே உறுத்தியது. மேல் பாதியின் தீர்க்கக் கோடுகளும் கீழ்ப் பாதியின் கோடுகளும் ஒரு மில்லிமீட்டர் விலகி நிற்கின்றன. இங்கே ஒரு மில்லிமீட்டர் என்றால் 42 கி.மீ. பெங்களூரிலிருந்து சிட்னி என்பதுபோல நிலநடுக்கோட்டைத் தாண்டும் தூரங்களை அளக்கும்போது இதை மனதில் வைக்க வேண்டும். வட துருவத்தை உருண்டையின் திருகு மூடி மறைத்துவிடுகிறது. துருவ வழியைப் பிள்ளைகளுக்குக் காட்ட நினைப்பவர்களுக்கு இது பெரிய குறை. நிறமும் எழுத்தும் தெளிவு. தாங்கி உறுதியானது.

8 அங்குல உருண்டை மலிவாகக் கிடைக்கிறது என்று அதை வாங்காதீர்கள். அதில் ஒரு மில்லிமீட்டருக்கு 60 கி.மீ.க்கு மேல் போய்விடும், எழுத்துகளும் நெருக்கம். 12 அங்குலத்திலேயே இரண்டு மூன்றை எடுத்துத் தரச் சொல்லி, ஒட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்து, கோடுகள் நேராகச் சேர்ந்திருப்பதை வாங்குங்கள். கடைக்காரர் பொறுமைசாலி, நூலை எடுத்து அளக்கவும் விடுகிறார்.